தண்ணீர்க் கேள்விகள்: ஹாட் டப்பில் நெடி, கலங்கல், வெள்ளைப் படிவு

கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் நீச்சல் குளத்தையும் வெந்நீர்த் தொட்டியையும் பராமரிப்பது என் தொழில். போன இதழில் குளத்துத் தண்ணீர் பற்றி எழுதியதும், ஹாட் டப் வைத்திருப்பவர்கள் வரிசையாகக் கடிதம் போட்டிருக்கிறார்கள். மலை ஊர்களில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்களுடையது நாலு பேர் உட்காரும் 1,500 லிட்டர் தொட்டி. சனிக்கிழமை விருந்தினர் இறங்கினால் ஞாயிறு காலையில் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிடுகிறது. குளோரின் நெடி மூக்கைத் துளைக்கிறது, கண் எரிகிறது. "மருந்து அதிகமாயிடுச்சுக்கா" என்று வேலை பார்க்கும் தம்பி குளோரின் போடுவதையே நிறுத்திவிட்டான். அப்படியும் நெடி போகவில்லையே?
— ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: அம்மா, அந்தத் தம்பியிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: நெடி அடிக்கிறது என்றால் வேலை செய்யக்கூடிய குளோரின் தீர்ந்துபோய்விட்டது என்று அர்த்தம். வியர்வையிலும் சிறுநீரிலும் இருக்கும் அம்மோனியாவோடும் யூரியாவோடும் குளோரின் சேர்ந்து குளோரமைன் ஆகிவிடுகிறது. மூக்கைத் துளைப்பதும் கண்ணை எரிய வைப்பதும் அதுதான். கிருமியைக் கொல்லும் சக்தி அதற்கு மிகக் குறைவு. சரியாக வைத்த தொட்டியில் குனிந்து முகர்ந்தால்கூட லேசான வாசம்தான் வரும்.

தொட்டி எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஒரு லட்சம் லிட்டர் நீச்சல் குளத்தில் நாலு பேர் இறங்குவது ஒரு பொருட்டே இல்லை. 1,500 லிட்டரில், அதுவும் 38 டிகிரி வெந்நீரில் நாலு பேர் அரை மணி நேரம் உட்கார்ந்து வியர்த்தால் எல்லாம் அந்தத் தண்ணீரிலேயே தங்குகிறது. சூட்டிலும் காற்றுக் குமிழியிலும் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் குளத்துக் கணக்கு இங்கே செல்லாது. வெந்நீர்த் தொட்டியில் தனிக் குளோரின், அதாவது எதோடும் சேராமல் வேலைக்குத் தயாராக நிற்கும் குளோரின், எப்போதும் 3 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது. பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், அவ்வளவுதான்.

சோதனைப் பெட்டி எது வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. குடிநீர்த் தொட்டிக்கு விற்கும், சொட்டு விட்டால் மஞ்சளாக மாறும் பெட்டி என்றால் அதை ஒதுக்கி வையுங்கள். அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். குளோரமைன் நிறைய இருந்தாலும் நல்ல மஞ்சள் வரும், தம்பியும் "நிறைய இருக்கு" என்றுதான் நினைப்பான். இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி பெட்டி வாங்குங்கள். முதல் மாத்திரையில் தனிக் குளோரின் தெரியும், அடுத்ததைப் போட்டால் மொத்தம் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குளோரமைன். அது 0.5ஐத் தாண்டினால் உடனே கவனிக்க வேண்டும். இன்னொன்று: குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடியின் சிவப்பு தோன்றிய வேகத்தில் வெளுத்து, பூஜ்யம் மாதிரி காட்டும். மருந்து போட்ட உடனே சோதித்து நிறமே வரவில்லை என்றால், தொட்டித் தண்ணீரோடு நாலு பங்கு நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள். வருகிற எண்ணை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது வரிசை. முதலில் காரத்தன்மை, அதாவது ஆல்கலினிட்டி. அப்புறம் பிஎச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண். கடைசியில்தான் குளோரின். மலை ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, காரத்தன்மை குறைவு. பிஎச்சைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாததால் கொஞ்சம் மருந்துக்கே மேலும் கீழும் ஓடும். காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் வரை இருக்கட்டும். உங்கள் தொட்டியில் 10 பிபிஎம் ஏற்ற 25 கிராம் சமையல் சோடா போதும். கடையில் பேக்கிங் சோடா என்றே கேட்டு வாங்குங்கள், சலவை சோடா வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மோட்டாரை ஓடவிட்டு ஊற்றுங்கள். ஒரே நாளில் 30, 40 என்று ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

பிஎச் 7.2க்கும் 7.8க்கும் நடுவில் நிற்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 7.5 பிஎச்சில் போட்ட குளோரினில் ஏறக்குறைய பாதிதான் கிருமியை வேகமாகக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8க்குப் போனால் கால் பங்குதான். பிஎச்சைப் பார்க்காமல் குளோரினைக் கொட்டுகிறவர்கள் முக்கால் பங்கு காசைத் தண்ணீரிலேயே விடுகிறார்கள்.

இவை சரியானதும் குளோரின். விருந்தினர் வந்துபோகும் தொட்டிக்கு வாசனையோ நிறமோ சேர்க்காத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம்தான் என் தேர்வு. 10 சதவீதத் திரவம் என்றால் உங்கள் தொட்டியில் 15 மில்லி, 1 பிபிஎம் ஏற்றும். இப்போதைய கலங்கலுக்கு 150 மில்லி ஊற்றி, மூடியைத் திறந்து வைத்து, ஜெட்டை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். மூடிவைத்தால் நெடி உள்ளேயே சுழலும், மூடியின் அடித்துணியும் வீணாகும். மறுநாள் காலையில் குளோரமைன் இறங்கவில்லை என்றால் இன்னொரு முறை. தனிக் குளோரின் 5க்குக் கீழே வந்த பிறகே ஆளை இறக்குங்கள். திரவம் வெயிலில் வைத்தால் சக்தி போய்விடும், ஆகவே சின்ன கேனாக வாங்கி நிழலில் வையுங்கள்.

கடைசியாக விருந்தினர் விஷயம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நேரே தொட்டியில் இறங்குவதுதான் நம் ஊர்த் தொட்டிகளின் பெரிய வியாதி. தேங்காய் எண்ணெய் ஃபில்டர் மடிப்புகளில் பிசுக்காக ஒட்டிக்கொண்டு தண்ணீர் ஓடவே விடாது. ஷாம்பு மிச்சம் நுரையாக வரும். சோப்புப் போட்டுக் குளித்து, தலையை நன்றாக அலசிவிட்டு இறங்கச் சொல்லி ஒரு பலகை வையுங்கள். சொல்லக் கூச்சப்பட வேண்டாம், அடுத்து இறங்கப் போகிறவருக்காகத்தான் சொல்கிறீர்கள். ஃபில்டரை வாரம் ஒருமுறை எடுத்து மடிப்பு மடிப்பாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

கேள்வி: வீட்டுத் தொட்டியில் போர் தண்ணீர் விடுகிறோம். ஹீட்டரில் வெள்ளையாகக் கட்டிவிடுகிறது. பிஎச்சும் எத்தனை முறை குறைத்தாலும் ஏறிக்கொண்டே போகிறது.
— ஒரு வாசகர், கோவை

பதில்: ஐயா, உங்கள் ஊருக்கு இரண்டு தண்ணீர் இருக்கிறதே! உப்புத் தண்ணீரை மட்டும் விடாமல் நல்ல தண்ணீரை, அதாவது சிறுவாணியை, பாதியாவது கலந்து நிரப்பப் பாருங்கள். கால்சியம் கடினத்தன்மை 150 முதல் 250 பிபிஎம் வரை இருந்தால் போதும். பெரும்பாலான உப்புகள் சூட்டில் அதிகம் கரையும், கால்சியம் கார்பனேட் சூட்டில் படியும். அதனால்தான் தொட்டிச் சுவரை விட்டுவிட்டு முதலில் ஹீட்டர் கம்பியில் கட்டுகிறது. கட்டியபின் கரண்ட் செலவு ஏறும், கம்பியும் சீக்கிரம் போகும். நல்ல தண்ணீருக்கு வழியில்லை என்றால் சாஃப்ட்னர் தண்ணீரைப் போர் தண்ணீரோடு கலந்து நிரப்புங்கள். முழுக்க சாஃப்ட்னர் தண்ணீரும் வேண்டாம், கால்சியமே இல்லாத தண்ணீர் நுரை கட்டும்.

பிஎச் ஏறுவதற்குக் காரணம் உங்கள் ஜெட். காற்று கலக்கக் கலக்கத் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, பிஎச் தானாக ஏறுகிறது. காரத்தன்மை 200, 300 என்று இருக்கும் போர் தண்ணீரில் இது ஓயாத சண்டை. காரத்தன்மையை 80 வரைக்கும் இறக்குங்கள், ஏற்றம் அடங்கும். அதற்கு சோடியம் பைசல்பேட் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு பிஎச்சை 7.2க்கு இறக்கி, ஜெட்டை ஓடவிட்டு ஏறவிடுங்கள், மறுபடி இறக்குங்கள். இரண்டு மூன்று நாள் பிடிக்கும். குளிக்காத நேரத்தில் காற்றுக் குழாயை மூடி வையுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அதில் இரும்பு கலந்திருக்கும், தண்ணீர் பழுப்பாகும். எந்த ஆசிட்டும் குளோரினும் நேருக்கு நேர் சேர்ந்தால் விஷ வாயு வரும், இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

கேள்வி: நீச்சல் குளத்துக்கு வாங்கிய டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரையை மிதக்கும் டப்பாவில் போட்டுத் தொட்டியில் விடலாமா?
— ஏற்காடு வாசகர்

பதில்: வேண்டாம். மாத்திரை கடும் அமிலம். டப்பா ஒரே மூலையில் ஒதுங்கினால் தொட்டியின் அக்ரிலிக் பரப்பு கொப்புளம் கட்டும், ஹீட்டரையும் அரிக்கும். ஒவ்வொரு முறையும் சயனூரிக் அமிலமும் சேர்ந்துகொண்டே போகும், அது குளோரினை மந்தமாக்கிவிடும். இதையும் கேளுங்கள்: அந்த மாத்திரை எடுத்த கரண்டியால் பிளீச்சிங் பவுடரை அள்ளாதீர்கள். இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

கேள்வி: எங்கள் காட்டேஜில் தங்கியவர் ஊருக்குப் போன பிறகு, உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாக அரிக்கிறது என்று போன் செய்தார். குளோரின் ஒத்துக்கொள்ளவில்லையா?
— ஒரு வாசகி, ஊட்டி

பதில்: குளோரின் போதாததால் வந்ததாகத்தான் இருக்கும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா தோலில் மயிர்க்கால்களைப் பிடித்துச் சின்னச் சின்ன சிவப்புக் கொப்புளமாக வரும். நனைந்த நீச்சல் உடை ஒட்டியிருந்த இடத்தில் அதிகம் இருந்ததா என்று அவரிடம் கேளுங்கள், அது நல்ல அடையாளம். மருத்துவரைப் பார்க்கும்போது தொட்டியில் இறங்கியதையும் சொல்லச் சொல்லுங்கள். தொட்டியை இன்றே மூடுங்கள்.

நான் இதைவிட அஞ்சுவது லெஜியோனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவுக்கு. 1976இல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்குப் பிறகு பரவிய நிமோனியாவில்தான் அது தெரியவந்தது. 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் ஒரு மலர்க் கண்காட்சியில் விற்பனைக்காக ஓடவிட்டிருந்த தொட்டியிலிருந்து பரவியதில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தத் தொட்டியில் யாரும் குளிக்கக்கூட இல்லை, அதன் பக்கமாக நடந்தவர்கள் குமிழியிலிருந்து எழுந்த நீர்த் திவலையை மூச்சோடு இழுத்தார்கள். 25 முதல் 45 டிகிரி வரை அதற்கு நன்றாக வளர ஏற்ற சூடு, நம் தொட்டி அதற்குள்தான் இருக்கிறது. ஆகவே விருந்தினர் இல்லாத வாரத்திலும் குளோரினை விடாதீர்கள். விட முடியாது என்றால் காலி செய்து உலர்த்துங்கள். இப்போது செய்ய வேண்டியது: குழாய் கழுவும் மருந்து போட்டு ஜெட்டை ஓட்டி, குழாய்க்குள் ஒட்டிய வழவழப்பை வெளியே கொண்டுவந்து, முழுக்க வடித்துத் துடைத்து, புது ஃபில்டரோடு நிரப்புவது.

கேள்வி: தண்ணீரை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? இங்கே குளிர்காலத்தில் வடிக்கப் பயமாக இருக்கிறது.
— ஸ்கார்பரோ, கனடா

பதில்: லிட்டரை 12ஆல் வகுத்து, வருகிற எண்ணை ஒரு நாளைக்குக் குளிக்கிறவர்களின் எண்ணிக்கையால் வகுங்கள். 1,500 லிட்டர், தினம் நாலு பேர் என்றால் ஏறக்குறைய ஒரு மாதம். இரண்டே பேர் என்றால் இரண்டு மாதம். உங்கள் பயம் நியாயமானது. கடுங்குளிரில் வடித்தால் குழாயில் தங்கிய கொஞ்சத் தண்ணீர் உறைந்து குழாயை வெடிக்க வைக்கும். பனி கொட்டுமுன் நவம்பரில் ஒருமுறை மாற்றிவிட்டு, நடுவில் அவசியமானால் குளிர் சற்றுத் தணிந்த நாளில் காலையிலேயே வடித்து உடனே நிரப்பிச் சூடேற்றுங்கள்.

கேள்வி: மருந்துக்குப் பதில் வேப்பிலை, மஞ்சள், செம்புப் பாத்திரம் போடலாமா? கலங்கலுக்குப் படிகாரம்?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: இலையும் மஞ்சளும் அழுக்கோடு அழுக்காகச் சேர்ந்து குளோரினைத் தின்னும். செம்பு கிருமியைக் கொல்லும், ஆனால் மிக மெதுவாக. நாலு பேர் மாறி மாறி இறங்கும் தொட்டிக்கு அந்த வேகம் போதாது, தொட்டியில் பச்சைக் கறையும் படியும். படிகாரம் குடத்துத் தண்ணீருக்குச் சரி, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலே மொண்டுகொள்ளலாம். தொட்டியிலோ மோட்டார் அதைக் கலக்கிக்கொண்டே இருக்கும், ஃபில்டர்தான் அடைக்கும்.

கேள்வி: குளியலறையில் ஜக்குஸி இருக்கிறது. குளித்ததும் தண்ணீரைத் திறந்துவிடுகிறோம். அதற்கும் இவ்வளவும் தேவையா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: தேவையில்லை அம்மா. ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர்தானே. ஜெட் குழாய்க்குள் மட்டும் மிச்சம் தங்கும். மாதம் ஒருமுறை ஜெட் முழுகும் அளவுக்குச் சூடான தண்ணீர் நிரப்பி, நுரை வராத குழாய் கிளீனர் போட்டு, கால் மணி நேரம் ஓட்டி வடியுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் ஒருமுறை ஓட்டி வடித்துவிடுங்கள்.