ஓடினால் விழுகிறான், எழுதினால் கை வலி என்கிறான்

கேள்வி: என் மகனுக்கு ஐந்தரை வயது, யுகேஜி படிக்கிறான். ஓடினால் அடிக்கடி தடுக்கி விழுகிறான். பந்து போட்டால் பிடிக்க வரவில்லை. நாலு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்கிறான். சேலம் அம்மாபேட்டையில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வாசலில் விளையாட இடமில்லை. ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்தால் சரியாகுமா?

பதில்: முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அவனைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார வைத்து, எழுந்து வரச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். ஒரு கையை ஊன்றி எழுந்தால்கூடச் சரிதான். ஆனால் குப்புறத் திரும்பி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, பிறகு முழங்கால், தொடை என்று தன் உடம்பின் மேலேயே கை வைத்து ஏறி நிமிர்ந்தால், தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தசை நோயின் அடையாளமாக அது இருக்கலாம். கெண்டைக்கால் தடித்திருப்பது, எப்போதும் நுனிக்காலில் நடப்பது, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போவது ஆகியவற்றையும் அசட்டையாக விடக்கூடாது. கண் பரிசோதனையும் ஒருமுறை செய்துவிடுங்கள். பார்வை மங்கலான பிள்ளை பந்தைத் தவறவிட்டுத் திட்டு வாங்குவது நம் வீடுகளில் நடப்பதுதான்.

இதெல்லாம் ஒன்றுமில்லை என்றால், பெரும்பாலும் பழக்கக் குறைவுதான். எழுதும்போது கை வலிக்கிறது என்றதும் எல்லோரும் விரலைப் பார்ப்பார்கள், 'இன்னும் ஒரு பக்கம் எழுது' என்பார்கள். தோளும் முதுகும் நிலையாக நிற்காவிட்டால் விரல்கள் பென்சிலை இறுக்கிப் பிடித்தே களைத்துப்போகும். அதனால் தோளிலிருந்து தொடங்குங்கள்.

ஹாலில் யானை நடை நடக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையும் பாதமும் தரையில், முழங்கால் படக்கூடாது. முதுகில் ஒரு சின்னத் தலையணையை வைத்து, விழாமல் சமையலறை வரை போக வேண்டும் என்று பந்தயம் கட்டுங்கள். அப்புறம் வண்டி விளையாட்டு: அவன் கையால் நடக்க, நீங்கள் பின்னால் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் கணுக்காலைப் பிடிக்காதீர்கள். தொடையோடு பிடித்தால் இடுப்பு தொங்காது. தொங்க ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள்.

பந்துக்கு முன்னால் பலூன். அது மெதுவாக இறங்குவதால், கண்ணால் பார்த்துக் கையைக் கொண்டுபோக அவகாசம் கிடைக்கும். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், வாயில் போட்டால் மூச்சடைக்கும். பலூன் பழகியதும் சுருட்டிய சாக்ஸ், பிறகு பந்து.

விரல் பலத்துக்கு நோட்டுப் புத்தகத்தைவிடச் சமையலறை மேல். சப்பாத்தி மாவு பிசையட்டும், நிலக்கடலை உரிக்கட்டும், துவைத்த கைக்குட்டையைப் பிழிந்து கொடியில் கிளிப் போடட்டும். வேலை இரண்டு மடங்கு நேரம் இழுக்கும், மாவு தரையெல்லாம் சிந்தும். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மொட்டை மாடியில் சாக்பீஸால் கட்டம் போட்டு நொண்டி விளையாடுங்கள். சேலத்து வெயிலில் தரை ஆறச் சாயங்காலம் ஆகிவிடும். அதற்கு முன் வெறுங்காலோடு விடாதீர்கள், நீங்களும் கூடவே நில்லுங்கள். ஐந்து வயதுக்கு மேல் ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்கப் பல பிள்ளைகளுக்கு வந்துவிடும். அது வராமல் காலில் சக்கரம் கட்டினால் பயம்தான் மிஞ்சும். நொண்டியில் தேறிய பிறகு ஸ்கேட்டிங்கில் தாராளமாகச் சேருங்கள், தலைக்கவசமும் முழங்கால் உறையும் கட்டாயம் என்று சொல்லும் இடமாகப் பார்த்து. ஏற்காடு போனாலும் படகில் உட்கார வைத்துக் கூட்டி வந்துவிடாதீர்கள். மேடு பள்ளத்தில் அவனே ஏறி இறங்கட்டும்.

இந்த வயதில் நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்துப் பத்து நிமிடமாகச் சேர்ந்தாலும் போதும். அழ வைத்துச் செய்ய வைத்தால் மட்டும் பலனில்லை.

மூன்று மாதம் இப்படிச் செய்தும் முன்னேற்றம் தெரியவில்லை, சட்டைப் பொத்தான் போடவும் சோறு அள்ளிச் சாப்பிடவும் திணறுகிறான் என்றால், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். போகும்போது அவன் எழுதிய நோட்டையும், தரையிலிருந்து எழுவதைப் போனில் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள்.