பாட்டி விளக்கு ஜெர்மனி போகலாமா?

கேள்வி: அண்ணே, புனலூர் பாட்டி வீட்டு பித்தளை தூக்குவிளக்க ஆன்லைன் ஏலத்துல போட்டேன், ஜெர்மனிக்காரர் ஒருத்தர் எடுத்திருக்காரு. வரி வராம இருக்க பார்சல்ல ‘கிஃப்ட்’னு எழுதச் சொல்றாரு. எழுதலாமா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: எழுதாதம்மா. வித்த பொருள கிஃப்ட்னு போட்டா பொய் டிக்ளரேஷன், மாட்டுறது அனுப்புற நீதான். அந்த ஊர் வரி வாங்குறவர் பொறுப்புன்னு அவருக்கு இப்பவே மெசேஜ் போட்டுடு.

எனக்கு பயம் வேற. விளக்கு பாட்டி காலத்துக்கும் முந்தினதா? நூறு வருஷம் ஆயிருந்தா 1972 தொல்பொருள் சட்டப்படி நாம வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது, அதனால இந்தியத் தொல்லியல் துறைகிட்ட காட்டி ‘தொல்பொருள் இல்ல’ன்னு சான்றிதழ் வாங்கிட்டு அப்புறமா பார்சல் கட்டு, அதுவும் பணம் முழுசா வந்தப்புறம், டிராக்கிங் நம்பரோட. அவரு ‘பணம் கூடுதலா அனுப்பிட்டேன், மிச்சத்த திருப்பி போடு’ன்னு கேட்டா போடவே போடாத, அது ஏமாத்து வேலையா இருக்கலாம்.