லண்டன் பட்டம் வேண்டாம், புவியியலை எடுக்கட்டும்

கோப்பாயிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் உயர்தரம் கலைப்பிரிவில் மூன்று ஏ, புவியியலும் அதில் ஒன்று. பிள்ளைக்குச் செய்திப் பைத்தியம். அதுவும் காஸா, மேற்குக் கரை, காஷ்மீர் என்று நிலம் யாருடையது என்பதே சண்டையாக இருக்கிற இடங்களின் செய்திகளை நாலு தொலைக்காட்சிகளில் மாறி மாறிப் பார்த்து, எவர் எதை விட்டுவிட்டார் என்று கொப்பியில் எழுதி வைக்கிறாளாம். சொந்தக்காரர் "பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு இந்தப் பெறுபேறு போதும், சட்டத்துக்குப் போடு" என்கிறார்கள். லண்டன் பெரியப்பாவோ, "ஊடகம்தான் வேணுமென்றால் இங்கே அனுப்பு, காணியை ஈடு வைத்துப் பாதியைக் கட்டு, மிச்சத்தை நான் பார்க்கிறேன்" என்கிறார்.

அக்கா, ஆறுதலாக நாலு வரி எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டு யோசனையுமே பிழை.

சட்டம் நல்ல படிப்புத்தான், விரும்புகிற பிள்ளைக்கு. உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், மகள் ஒரு இடத்திலும் வழக்கறிஞராக ஆசைப்பட்டதாக இல்லை. கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்வதற்காக ஒரு பிள்ளையின் இளமையை எடுத்துக் கொடுக்க முடியாது. லண்டன் இன்னும் மோசம். விசாவுக்கு 28 நாள் வங்கியில் காசு காட்ட வேண்டும், அதற்கே வட்டிக்கு வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும், பிறகு கடனை அடைக்கப் பிள்ளை வகுப்பை விட்டுக் கடையில் நிற்கும். காணியை ஈடு வைக்காதீர்கள். செய்தித்துறைச் சம்பளத்தில் அதை மீட்கவே மாட்டீர்கள்.

உங்கள் பயமும் புரிகிறது. செய்தியாளர் நிமலராஜன் 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டதை இந்த ஊரில் எந்தத் தாய் மறந்தாள்?

நான் சொல்வது வேறு வேலை: காணொளி, செய்மதிப் படம், நிழல், சத்தம் இவற்றை வைத்து ஒரு சம்பவம் எங்கே, எப்போது, எந்தத் திசையிலிருந்து நடந்தது என்று நிறுவுகிற செய்திச் சரிபார்ப்பு. பக்கச்சார்பு என்றால் ஆசிரியர் வேண்டுமென்றே திரிப்பது என்றுதான் நினைக்கிறோம். பாதி அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. 2023 ஒக்டோபருக்குப் பின் காஸாவுக்குள் வெளிநாட்டுச் செய்தியாளர் சுயமாகப் போக இஸ்ரேல் விடவில்லை, இராணுவத்தோடு மட்டும் போகலாம். வன்னியில் 2009இல் போரின் கடைசியிலும் செய்தியாளர் சுயமாகப் போக முடியவில்லை, அதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போக முடியாதபோது பேச்சாளர் சொல்வதே செய்தியாகிறது, யாருடைய பேச்சாளருக்கு ஆங்கிலமும் தொலைபேசியும் ஒழுங்காக இருக்கிறதோ அவருடைய செய்தி.

இதை உடைக்க முடியும். 2022 மே 11இல் ஜெனினில் அல்ஜசீரா செய்தியாளர் ஷிரீன் அபு அக்லே சுடப்பட்டபோது, பலஸ்தீனர் சுட்டிருக்கலாம் என்றுதான் இஸ்ரேல் முதலில் சொன்னது. பல ஊடகங்கள் தனித்தனியே காணொளிகளை ஆராய்ந்தன. துப்பாக்கிச் சன்னம் ஒலியைவிட வேகமாகப் போகும், அது கடக்கிற சத்தம் முதலில், வெடிச்சத்தம் பிறகு. இரண்டுக்கும் இடையிலான நொடியின் சிறு துண்டை அளந்தால் சுட்ட தூரம் வந்துவிடும். 200 மீற்றருக்குச் சற்று உள்ளே என்று வந்தது, அந்தப் பக்கத்தில் நின்றது இஸ்ரேலிய இராணுவ வாகனங்கள். செப்டெம்பரில் இராணுவமே தங்கள் சூடாக இருக்கப் பெரிய வாய்ப்பு என்று ஒப்புக்கொண்டது. கோஷத்தால் வந்ததல்ல, கணக்கால் வந்தது.

ஆனால் மகளிடம் ஒன்றைக் கேளுங்கள். 2023 ஒக்டோபர் 17இல் காஸாவின் அல்-அஹ்லி மருத்துவமனை வெடிப்பைப் பலர் உடனே இஸ்ரேல் தாக்குதல் என்று தலைப்பிட்டார்கள். ஹமாஸ் சொன்னதை அதிகம் நம்பிவிட்டோம் என்று நியூயோர்க் டைம்ஸ் சில நாளில் ஆசிரியர் குறிப்பே போட்டது. அதை வாசிக்கும்போது அவளுக்குக் கோபம் வருகிறதா, அல்லது படத்தைத் திரும்பப் பார்க்கத் தோன்றுகிறதா? வன்னி பற்றி ஐ.நா. நிபுணர் குழு 2011 அறிக்கையில், அரசு எறிகணை வீசியதும் இருக்கிறது, புலிகள் சனத்தை வெளியேற விடாததும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதக் கை கூசாவிட்டால் இந்த வேலைக்கு அவள் சரி.

படிப்பு? யாழ். பல்கலைக்கழகக் கலைப்பீடம், புவியியல், அதில் புவியியல் தகவல் முறைமையை, அதாவது கணினியில் வரைபடத்தோடு தரவைச் சேர்த்து ஆராய்கிற முறையை, இறுக்கிப் பிடிக்கட்டும். கட்டணம் இல்லை, வீட்டுச் சோறு. அதற்கான மென்பொருள்கள் கியூஜிஐஎஸ், கூகிள் ஏர்த் புரோ எல்லாம் இலவசம். ஐரோப்பிய சென்டினல்-2 செய்மதியின் படமும் இலவசம், அதில் ஒரு புள்ளி பத்துக்குப் பத்து மீற்றர், அதாவது நாலு பேர்ச் காணி. ஒரு வீடு தெளிவாகத் தெரியாது, ஒரு தெரு இல்லாமல் போனால் தெரியும். செலவு என்றால் நல்ல மடிக்கணினி ஒன்று, அதற்குப் பெரியப்பா காசு அனுப்பட்டும்.

சிங்களம் கட்டாயம் படிக்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொழும்புப் பத்திரிகை இராணுவம் எடுத்த பலாலிக் காணியைப் பற்றித் தன் வாசகருக்கு என்ன சொல்கிறது என்று நேராக வாசிக்கத் தெரியாமல் எந்தப் பக்கச்சார்பைக் கண்டுபிடிக்கப் போகிறாள்? பிபிசி, ஏஎஃப்பி போன்றவை சரிபார்ப்புக்கென்றே தனிக் குழு வைத்திருக்கின்றன, மனித உரிமை அமைப்புகளும் இப்படியானவர்களைத் தேடுகின்றன. அது கிடைக்காவிட்டாலும் நில அளவை, அனர்த்த முகாமைத்துவம் என்று அதே திறமைக்கு வேறு வாசல்கள் உண்டு. இன்னொன்று, நாள் முழுக்கச் செத்த உடல்களைத் திரையில் பார்க்கிற வேலை இது. நித்திரை கெட்டால் நிறுத்த வேண்டும், அதை இப்போதே அவளோடு கதைத்து வையுங்கள்.

பெறுபேறு கையில் இருக்கிறதுதானே. கூகிள் ஏர்த்தில் பழைய படங்களைப் பார்க்கிற வசதியைத் திறந்து, வலிகாமம் வடக்கில் எந்தக் காணி எந்த வருடம் வெறுமையானது, எது திரும்ப வயலானது என்று ஒரு வரைபடம் போட்டு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும்.