தமிழைக் கீழே தள்ளிவிட்டு எதை அழகாக்குகிறீர்கள்?

கேள்வி: நான் ஒரு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளர். சுவரொட்டி, அழைப்பிதழ், பொருள்களுக்கான உறை, பெட்டி எல்லாம் செய்கிறேன். நம்மவர்களுக்கு ரசனையே இல்லையோ என்று தோன்றுகிறது. கோவில் விழா அறிக்கையோ கல்யாணப் பத்திரிகையோ மசாலாப் பொட்டலமோ, கொஞ்சமும் இடம் விடாமல் அடைக்கச் சொல்கிறார்கள். ஏழெட்டு நிறம் வேறு. ‘கூடியவரை குறைவான வடிவமைப்பே நல்ல வடிவமைப்பு’ என்று டீட்டர் ராம்ஸ் சொன்னதை எடுத்துக் காட்டினாலும் கேட்பதில்லை. தமிழ் எழுத்தும் நவீன வடிவமைப்புக்கு ஒத்துவரவில்லை. நீளமாக, சுழிசுழியாக வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. அதனால் ஆங்கிலத்தைப் பெரிதாக வைத்து, தமிழைச் சின்னதாகக் கீழே போட்டுவிடுகிறேன். கண்ணைக் கவரும் வடிவமைப்பு எது என்று நம் மக்களுக்குக் கற்றுத்தர உங்கள் இதழில் ஒரு தொடர் வரலாமே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தெம்பனிஸ்

பதில்: முதலில் ராம்ஸ். ஜெர்மனியின் பிரவுன் நிறுவனத்தில் 1961 முதல் 1995 வரை வடிவமைப்புத் துறைக்குத் தலைமை வகித்தவர். நல்ல வடிவமைப்புக்கு அவர் வகுத்த நெறிகள் பத்து. நீங்கள் வாடிக்கையாளரிடம் காட்டுவது அதில் கடைசி நெறி. பொருள் பயன்பட வேண்டும் என்பது இரண்டாவது. பார்த்தால் புரிய வேண்டும் என்பது நான்காவது. நேர்மை ஆறாவது. கடைசி நுணுக்கம் வரை எதையும் அரைகுறையாக விடக்கூடாது என்பது எட்டாவது. இவ்வளவையும் செய்து முடித்த பிறகு, இன்னும் தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கழற்றச் சொல்கிறது பத்தாவது. முன்னால் உள்ள ஒன்பதைத் தாண்டிக் குதித்து அங்கே போனால் மிஞ்சுவது வெற்றுத் தாள்தான்.

சரி, விழா அறிக்கையில் ஏன் அத்தனை பெயர்? அவர்கள் உபயதாரர்கள். பணம் கொடுத்தவர்கள், அன்னதானத்துக்கு விடியவிடிய காய் நறுக்கியவர்கள், பல வருடமாகக் காவடிக்குத் துணை நின்றவர்கள். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் விடுபட்டால் அவர் கல்யாணத்துக்கு வருவாரா என்பதே சந்தேகமாகிவிடும். எல்லாப் பெயரும் வேண்டும் என்று உங்கள் முன்னால் உட்கார்ந்து கேட்கிற மனிதர் தன் குடும்பத்துக்கும் கோவிலுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். அந்தப் பொறுப்பை ரசனைக் குறைவு என்று நீங்கள் எடுத்துக்கொண்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடைசலாக இருப்பதாலேயே ஒன்று படிக்க முடியாமல் போய்விடாது. பஞ்சாங்கத்தின் ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அதில் எவ்வளவு செய்தி! ஆனாலும் ராகுகாலம் தேடுகிறவருக்கு நொடியில் கிடைத்துவிடுகிறது. ஏனென்றால் அது தினமும் அதே கட்டத்தில், அதே அளவில் இருக்கிறது. அந்த ஒழுங்கைத்தான் உங்களிடம் கேட்கிறார்கள். நாள், நேரம், இடம் மூன்றையும் முதல் பார்வையிலேயே தெரிகிற மாதிரி வையுங்கள். பெயர்களை எல்லாம் ஒரே எழுத்துருவில், ஒரே தடிமனில், இரண்டு பத்தியாக அடுக்குங்கள். ஒரு பெயரைக்கூட வெட்டாமலே தாளில் இடம் பிறக்கும்.

ஒன்றில் உங்கள் பக்கம்தான் நான். எழுத்துக்குப் பின்னால் நிழல், தங்க விளிம்பு, பின்னணியில் தீப்பொறி, ஒரே தாளில் ஐந்து எழுத்துரு என்று போனால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். அதைக் கேட்பவரிடம் ஏன் வேண்டும் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் ‘தூரத்திலிருந்து பளிச்சுன்னு தெரியணும்’ என்பார். அது நியாயமான தேவை. அதை நிறைவேற்றிக் கொடுங்கள், நிழலும் தீப்பொறியும் தானாகக் கழன்றுவிடும்.

மசாலாப் பொட்டலத்துக்கும் இதே கதைதான். தேக்காவில் கடைத் தட்டு முன்னால் நிற்கும் அம்மா மீன்குழம்புத் தூளா, கறி மசாலாவா, காரம் எவ்வளவு, எப்போது வரை கெடாது என்று பார்க்கிறார். ஆறு வகையையும் ஒரே வெள்ளை உறையில், ஒரே சன்ன எழுத்தில் அடித்து வைத்தால் அவர் பக்கத்துக் கம்பெனிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். 2009-இல் அமெரிக்காவில் ட்ராப்பிக்கானா பழச்சாறு நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுப் பழப் படத்தை எடுத்துவிட்டு, நவீனமான, துப்புரவான ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார்கள். வழக்கமாக வாங்குகிறவர்களுக்குத் தாங்கள் வாங்கும் பெட்டி எது என்றே அடையாளம் தெரியவில்லை. விற்பனை ஏறக்குறைய 20 விழுக்காடு இறங்கியது. இரண்டு மாதத்துக்குள் பழைய பெட்டிக்கே திரும்புவதாக அறிவித்தார்கள்.

இனி தமிழ் எழுத்து. உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்ட வரி அதுதான், தம்பி.

நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள் என்பது நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. முதலில் ஆங்கிலத்துக்குக் கட்டம் போடுகிறீர்கள். அதற்கு எழுத்துரு தேடி, இடைவெளியை நுணுக்கி நுணுக்கிச் சரிசெய்கிறீர்கள். எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சிய மூலையில், கணினியோடு வந்த ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை ஒட்டுகிறீர்கள். அப்புறம் அது பொருந்தவில்லை என்கிறீர்கள். எந்த மொழியின் எழுத்தை இப்படி நடத்தினாலும் பொருந்தாது.

தமிழுக்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம். இகர, ஈகாரக் கொக்கிகளும் புள்ளியும் மேலே எழும்புகின்றன. உகர, ஊகாரக் கோடுகள் கீழே இறங்குகின்றன. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே விட்டால் மேல்வரியின் ‘பு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். இடைவெளியைக் கூட்டுங்கள். ண, ஞ, இ, ணை போன்றவற்றுக்கு உள்ளே சின்னச் சுழிகள் உண்டு. மென்பொருளைக் கொண்டு செயற்கையாகத் தடிப்பாக்கினால், சிறிய அளவில் அந்தச் சுழிகள் மை அடைத்துக் கருத்துப்போகும். தடித்த எழுத்து வேண்டுமென்றால் தடிப்பாகவே வரையப்பட்ட எழுத்துருவை எடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழில் ஒன்பது தடிமன்கள் இருக்கின்றன, காசு கொடுக்காமலே கிடைக்கும். ஹிந்த் மதுரை, முக்தா மலர் போன்றவற்றில் தமிழும் ஆங்கிலமும் ஒன்றோடொன்று இசையும்படி வரையப்பட்டிருக்கின்றன. இருமொழி வேலைக்கு அங்கிருந்து தொடங்கலாம்.

ஆங்கிலத் தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டு, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு ஒரு நேர்த்தி கொண்டுவருவீர்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. எழுத்துகளை விலக்கி வைத்தால் ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். அதனால் அழுத்தத்தை அளவிலும் தடிமனிலும் நிறத்திலும் கொண்டுவர வேண்டும். சொற்கள் நீளம் என்பதும் உண்மை. தலைப்பை இரண்டு, மூன்று வரியாக உடைக்க முதலிலேயே திட்டமிடுங்கள். ஒரே ஒரு நீண்ட தமிழ்ச் சொல் சுவரொட்டியின் முழு அகலத்துக்கும் நிற்பதில் உள்ள கம்பீரத்தை ஒருமுறை செய்து பாருங்கள், ஆங்கிலத்தில் அது எளிதில் வராது.

நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருக்கும் ஊர் நம் சிங்கப்பூர். நா. கோவிந்தசாமி போன்றவர்கள் கணினித் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று பாடுபட்ட ஊர். 1997-இல் கணினித் தமிழுக்காகத் தமிழ்நெட் மாநாடு கூடிய ஊர். இங்கேயே கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைந்த தமிழ் பொது இடங்களில் அச்சாகி, வாசகர்கள் படம் பிடித்துக் காட்டிய பிறகு திருத்தப்பட்டிருக்கிறது. இந்திய மொழி எழுத்துகளின் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் சேர்க்கும் வசதியை மென்பொருளில் இயக்காமல் விட்டால் இப்படித்தான் வரும். கட்டுமானத் தளத்தில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையை நினைத்துப் பாருங்கள். அதில் இருக்கிற தமிழ் வரியைப் படிக்கப் போகிறவர் தஞ்சாவூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வேலைக்கு வந்தவர். நீங்கள் சின்னதாகக் கீழே போட்டுவிடுகிற வரி அவர் உயிரைக் காக்க வேண்டிய வரி.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோவில் கோபுரத்தில் இல்லாத நிறமா? நல்ல வெயிலில் அது எவ்வளவு அழகாக எழுந்து நிற்கிறது! எண்ணிக்கை பிரச்சினை இல்லை, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிவேறுபாடுதான் முக்கியம். இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாட்டைக் கேட்கின்றன. வெள்ளையில் வெளிர்சாம்பல் என்கிற, இப்போது எல்லோரும் விரும்பும் அந்தச் சேர்க்கை பலநேரம் அதைத் தொடுவதில்லை. நாற்பதைக் கடந்த கண்களுக்கு அது தண்டனை.

கடைசியாக, நம்மவர்களுக்கு ரசனை இல்லை என்ற பேச்சு. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-இல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் உருவாக அடித்தளமிட்ட அறிக்கை அது. இந்தியாவில் தாங்கள் கண்டு வியந்த பொருள்களில், ஒருவேளை எல்லாவற்றிலும் சிறந்தது, அழகானது என்று அவர்கள் எதைச் சொன்னார்கள் தெரியுமா? நாம் செம்பு என்று புழங்கும் லோட்டாவை. எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், கைக்கு எப்படி அடங்க வேண்டும், இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கும், ஊற்றும்போது எப்படி விழும், உள்ளே கைவிட்டுக் கழுவ முடியுமா என்று கேள்வி கேள்வியாக அடுக்கினார்கள். ஒரு தனி ஆள் உட்கார்ந்து அதை வடிவமைக்கவில்லை என்றும் எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய கைகள்தான் அதைத் திருத்தித் திருத்திச் செம்மையாக்கின. அந்தக் கைகளுக்கு ரசனை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

இங்கேயும் பாருங்கள். தோ பாயோவில் 1979-இல் கோர் இயன் கீ வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்காக (வீவக) வடிவமைத்த டிராகன் விளையாட்டுத் திடல் இன்றும் நிற்கிறது. மொசைக் ஓடு பதித்த தலை, ஏறிப் பிடிக்க வளையங்கள், காலடியில் மணல். குறைவான வடிவமைப்பு என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏறி விளையாடப் போகும் பிள்ளையை மனத்தில் வைத்துச் செய்தது என்பது ஒவ்வொரு அங்குலத்திலும் தெரிகிறது.

தொடர் கேட்டிருந்தீர்கள். மக்களுக்கு ரசனை கற்பிக்கும் தொடர் இந்த இதழில் வராது. வேறொன்று வரலாம். உங்கள் அடுத்த இருமொழி வேலையில் தமிழை முதலில் அமைத்து, ஆங்கிலத்தை அதற்கு இசைய வையுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் வீட்டில் அறுபது தாண்டிய ஒருவர் கையில் கொடுங்கள். நீங்கள் ஒன்றும் விளக்காமல், அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். முதல் வரைவு, திருத்திய வரைவு இரண்டையும், எதை ஏன் மாற்றினீர்கள் என்ற குறிப்போடு எனக்கு அனுப்புங்கள். நடுவில் இரண்டு பக்கம் ஒதுக்கித் தருகிறேன்.