பூட்டிய பெட்டகத்துக்குள் புள்ளி ஃபோல்டர்கள்: கோகிரிப்ட்எஃப்எஸ் கேள்வி பதில்

லினக்ஸில் பெயர் புள்ளியில் தொடங்கினால் அந்த ஃபோல்டர் மறைந்திருக்கும். கோகிரிப்ட்எஃப்எஸ் என்பது ஃபைல்களையும் அவற்றின் பெயர்களையும் மறையாக்கிப் பூட்டி வைக்கும் மென்பொருள். பூட்டிய பக்கத்தில் மறையாக்கிய ஃபைல்கள் கிடக்கும்; பாஸ்வேர்டு கொடுத்து மவுண்ட் செய்தால் இன்னொரு ஃபோல்டரில் அசல் தெரியும். புள்ளி ஃபோல்டரை அந்தப் பெட்டகத்தில் வைத்தால் எழும் சந்தேகங்கள் இவை.

கேள்வி: அண்ணா, மவுண்ட் செய்த பக்கத்தில் ‘.எஸ்எஸ்ஹெச்’ மறைந்தே இருக்கிறது. பூட்டிய பக்கத்தில் பட்டியல் காட்டும் ‘எல்எஸ்’ கட்டளை போட்டால் எல்லாமே தெரிகிறது. புள்ளி எங்கே போனது?

பதில்: பெயரோடு சேர்ந்து அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. மறைப்பதற்கென்று லினக்ஸில் தனிக் குறி கிடையாது. முதல் எழுத்து புள்ளி என்றால் ‘எல்எஸ்’ காட்டாமல் விடும், அவ்வளவுதான். கோகிரிப்ட்எஃப்எஸ் பெயரை 16 பைட்டின் மடங்காக நிரப்பி, ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டி, பேஸ்64 என்ற 64 எழுத்துத் தொகுதியில் எழுதுகிறது. அந்த எழுத்துகளில் புள்ளியே இல்லை. 15 பைட் வரையுள்ள எந்தப் பெயரும் 22 எழுத்துக் கோவையாகத் தெரியும். தமிழ்ப் பெயர் சீக்கிரம் நீண்டுவிடும்: ‘படங்கள்’ 21 பைட், பூட்டினால் 43 எழுத்து.

கோவை சிலசமயம் சிறுகோட்டில் (-) தொடங்கும். கட்டளை அதை ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். பெயருக்கு முன் ‘./’ சேருங்கள்.

கேள்வி: அப்படியானால் வெளியாளுக்கு எதுவுமே தெரியாதா?

பதில்: பெயரும் உள்ளடக்கமும் தெரியாது. ஃபைல்களின் எண்ணிக்கை, தேதி, எந்த ஃபோல்டருக்குள் எது என்பதெல்லாம் தெரியும். அளவும் மறையாது: ஃபைலின் தொடக்கத்தில் உள்ள தலைப்புப் பகுதிக்கு 18 பைட், ஒவ்வொரு 4096 பைட் துண்டுக்கும் 32 பைட் கூடுகிறது. கழித்துப் பார்த்தால் அசல் அளவு வந்துவிடும்.

கேள்வி: சார், ஹோம் ஃபோல்டரிலிருந்து எல்லாவற்றையும் நட்சத்திரக் குறி போட்டு நகலெடுத்தேன். ‘.கான்ஃபிக்’ வரவில்லை.

பதில்: கட்டளைகளை ஏற்கும் பேஷ் ஷெல்லில் நட்சத்திரம் புள்ளிப் பெயர்களைப் பிடிக்காது. நகலெடுக்கும் ‘சிபி -ஏ’ கட்டளையில் மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின் ‘/.’ சேருங்கள். இரண்டு பக்கமும் எண்ணிப் பார்க்காமல் அசலை அழிக்காதீர்கள்.

கேள்வி: பூட்டிய பக்கத்தில் ஃபோல்டருக்கு ஒன்றாக ‘கோகிரிப்ட்எஃப்எஸ்.டிர்ஐவி’ என்று 16 பைட் ஃபைல் கிடக்கிறது. அழிக்கலாமா?

பதில்: தயவுசெய்து தொடாதீர்கள். அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் பெயர்களைப் பூட்டப் பயன்பட்ட தற்செயல் எண் அதுதான். இரண்டு இடத்தில் உள்ள ‘.கிட்’ வெவ்வேறு கோவையாகத் தெரிவதும் அதனால்தான். அது போனால் உள்ளடக்கம் கெடாது, ஆனால் அந்த ஃபோல்டரின் பெயர்களைப் படிக்க முடியாது. கீழே உள்ளவற்றுக்கும் வழி அடைபடும். ஃபோல்டர் உருவானபோது எழுதியதே கடைசிவரை இருப்பதால், பழைய பேக்கப்பில் இருந்து எடுத்து வைத்தாலும் வேலை செய்யும்.

இதே காரணத்தால் பூட்டிய பக்கத்தில் எதையும் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தவும் கூடாது. அதன் பெயர் பழைய தாய் ஃபோல்டரின் எண்ணால் பூட்டியது. புதிய இடத்தில் திறக்காது, மவுண்ட்டில் காணாமல் போகும். பழைய இடத்துக்கே திருப்பி வைத்தால் மறுபடி தெரியும்.

கேள்வி: என் பேக்கப் மென்பொருள் மறைந்த ஃபைல்களை விட்டுவிடுகிறது. ஆபத்தா?

பதில்: கோகிரிப்ட்எஃப்எஸ்ஸைச் சாதாரண முறையில் பயன்படுத்தினால் ஆபத்து இல்லை. பூட்டிய பெயர் புள்ளியில் தொடங்காது, சாவி இருக்கும் ‘கோகிரிப்ட்எஃப்எஸ்.கான்ஃப்’ ஃபைலும் புள்ளியில் தொடங்குவதில்லை. இதே வேலையைச் செய்யும் என்க்எஃப்எஸ் என்ற வேறு மென்பொருளைப் பயன்படுத்தினால் பெரிய ஆபத்து. அதன் சாவி ‘.என்க்எஃப்எஸ்6.எக்ஸ்எம்எல்’ என்ற மறைந்த ஃபைலில் இருக்கிறது. அது விடுபட்ட பேக்கப்பைச் சரியான பாஸ்வேர்டு இருந்தாலும் திறக்க முடியாது. இன்றே அந்த ஃபைல் பேக்கப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மவுண்ட்டில் 2 ஜிபி அழித்தும் இடம் கூடவில்லையே?

பதில்: ஃபைல் மேனேஜரில் அழித்திருந்தால் மவுண்ட்டின் மேல்மட்டத்தில் ‘.ட்ராஷ்-1000’ இருக்கிறதா பாருங்கள். 1000 என்பது உங்கள் பயனர் எண். குப்பைத் தொட்டியைக் காலி செய்தால் இடம் திரும்பும்.