முதலில் முறையீடு, பிறகு செய்தி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் கூடலூர் வட்டம், ஓவேலி பக்கத்தைச் சேர்ந்தவன். சமூகவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். நண்பர் ஒருவர் நாளிதழின் பகுதிநேரச் செய்தியாளர், இன்னொருவர் ஆதிவாசி அமைப்பில் களப்பணி செய்கிறார். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளில் வன உரிமைப் பட்டா (வன நிலத்தில் வாழ்ந்து பயிரிடுவோருக்குச் சட்டப்படி தரும் உரிமைப் பத்திரம்) நிலவரம் குறித்து மூவரும் சேர்ந்து ஓர் அறிக்கை தயாரிக்க நினைக்கிறோம். அதிகாரிகளைக் கேட்டால் ‘மனு செய்தவர்களுக்கு எல்லாம் கொடுத்தாகிவிட்டது’ என்கிறார்கள். ஊரில் கேட்டால் ‘வீட்டடி மட்டும்தான் வந்தது, காப்பியும் மிளகும் இருக்கும் இடம் வரவில்லை’ என்கிறார்கள். ஏற்கெனவே பலர் வந்து கேட்டுப் போனதால் மறுபடியும் கேள்வியோடு போனால் மக்கள் சலித்துக்கொள்கிறார்கள். எங்கள் மூவரில் யாரும் சட்டம் படித்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது?

எஸ்., கூடலூர்

அன்புள்ள எஸ்.,

அதிகாரிகள் சொல்வதும் ஊரார் சொல்வதும் ஒன்றையொன்று மறுப்பதாக நினைக்க வேண்டாம். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அலுவலகம் எண்ணுவது பட்டாக்களை, ஊரார் பேசுவது பரப்பைப் பற்றி. ஒன்றரை ஏக்கர் கேட்டவருக்குப் பத்து சென்ட் கொடுத்தாலும் கணக்கில் ‘ஒன்று வழங்கப்பட்டது’ என்றுதான் ஏறும். எனவே உங்கள் அறிக்கையின் முக்கியமான அட்டவணையில் இரண்டு பத்திகள் இருந்தால் போதும்: கேட்ட பரப்பு, கிடைத்த பரப்பு.

ஆனால் அறிக்கை இருக்கட்டும். நீங்கள் மூவரும் மூன்று வெவ்வேறு வேலை செய்பவர்கள். ஆய்வாளருக்கு அவசரம் கிடையாது. செய்தியாளருக்குத் தேதியும் ஆவணமும் அதிகாரியின் பதிலும் வேண்டும். களப்பணியாளருக்கு மனு கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். முதலில் முறையீடு, பிறகு செய்தி, கடைசியில் ஆய்வு என்ற வரிசையில் போங்கள் என்பதே என் கருத்து. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, கிராம சபையின் முடிவு பிடிக்காதவர் 60 நாளுக்குள் கோட்டாட்சியர் தலைமையிலான உட்கோட்டக் குழுவுக்கு மனு கொடுக்கலாம். அங்கே தள்ளப்பட்டால் அடுத்த 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்கு. நிராகரிப்பையோ பரப்புக் குறைப்பையோ காரணத்துடன் மனுதாரரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும் என்று 2012 செப்டம்பரில் திருத்தப்பட்ட விதிகள் சொல்கின்றன. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 30 நாள் தரலாம். மாவட்டக் குழுவின் முடிவே இறுதி. உங்கள் அறிக்கை ஆறு மாதம் தாமதமானால் பெரிய நஷ்டம் இல்லை. கெடு தவறினால் அந்தக் குடும்பம் வக்கீலைத் தேடி உயர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டிவரும்.

ஆகவே வீட்டுக்குப் போனால் கேள்விப் பட்டியலை நீட்டாதீர்கள், காகிதங்களைக் காட்டச் சொல்லுங்கள். சலிப்பு பாதி அதிலேயே போய்விடும். தனிநபர் உரிமைக்கான படிவம் ஏ நகல், கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழு மனுவைப் பெற்றதற்கான எழுத்துப்பூர்வ ஒப்புகை, இடத்தைப் பார்வையிட்ட குறிப்பும் வரைபடமும், கிராம சபைத் தீர்மானம், உட்கோட்டக் குழு முடிவு, மாவட்டக் குழு ஆணை ஆகியவை இருக்க வேண்டும். பெரும்பாலும் கடைசிக் காகிதம் ஒன்றுதான் வீட்டில் இருக்கும். எந்தக் காகிதம் இல்லையோ, தவறு நடந்தது அந்தப் படியில்தானா என்று தேடுங்கள். மனு எந்த ஆண்டில் போட்டது என்பதையும் கேளுங்கள். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது நின்றுபோய், 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் மனுக்கட்டுகள் தொலைந்திருந்தால், மனு செய்தவரே ‘மனு செய்யாதவர்’ ஆகிவிடுவார். உங்களிடம் அதிகாரிகள் சொன்ன வாக்கியத்தில் ‘மனு செய்தவர்களுக்கு’ என்ற சொல்லை அதனால் அப்படியே ஏற்க வேண்டாம்.

கிராம சபை விஷயத்தில் இரண்டு இடங்களில் கோளாறு வரும். பஞ்சாயத்து முழுவதற்கும் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையிலேயே வன உரிமைத் தீர்மானமும் போட்டுவிடுவது முதலாவது. அங்கே இருபது வீட்டு ஆதிவாசி ஊரின் குரல் எடுபடாது. பேரூராட்சி என்பதால் கிராம சபையே இல்லை என்று கைவிரிப்பது இரண்டாவது. உங்கள் ஓவேலியும் பக்கத்துத் தேவர்சோலையும் பேரூராட்சிகள். சட்டத்தில் கிராமம் என்பதற்குள் பழைய குடியிருப்புகளும் அளவை செய்யப்படாத ஊர்களும் அடங்கும், அவை கிராமமாக அறிவிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும். அதைக் காட்டித்தான் வாதாட வேண்டும். தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கும்போது கையெழுத்துகளையும் கைநாட்டுகளையும் எண்ணுங்கள். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், மனு செய்தவர்களில் குறைந்தது பாதிப்பேர். வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். எண்ணிக்கை குறைந்தால் அந்தத் தீர்மானத்தை எதிர்க்க அதுவே போதும்.

பரப்பு எப்படிச் சுருங்குகிறது என்பதில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆணையில் ‘0.04.0’ என்று இருக்கும். ஹெக்டேர், ஏர் என்ற கணக்கு அது. ஊரில் அதை நாலு சென்ட் என்று படிப்பார்கள், சிலர் நாற்பது சென்ட் என்பார்கள். ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட், ஆக அது பத்து சென்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஏக்கர் என்றால் 0.40.5 என்று இருக்கும். சட்டம் தனிநபருக்கு அனுமதிக்கும் உச்ச அளவு 4 ஹெக்டேர், அதாவது பத்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு பட்டாவையும் சென்டாக மாற்றி எழுதி, அந்த வீட்டாரிடம் வாசித்துக் காட்டுங்கள். தனக்கு எவ்வளவு கிடைத்தது என்று பலர் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்பார்கள்.

அளப்பதற்குக் கைப்பேசியை நம்ப வேண்டாம். மர நிழலில் அது ஐந்து முதல் பத்து மீட்டர் வரை தவறும். 20 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம் 400 சதுர மீட்டர், ஏறத்தாழ பத்து சென்ட். நான்கு ஓரமும் ஐந்து மீட்டர் உள்ளே விழுந்தால் அது 100 சதுர மீட்டராகிவிடும். முப்பது மீட்டர் டேப் ஒன்று வாங்குங்கள். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து மூன்று பக்கமும் அளந்தால் பரப்பு வந்துவிடும். சரிவில் டேப்பைத் தரையோடு கிடத்தக் கூடாது. சர்வே கணக்கு மட்டமான பரப்பை வைத்துத்தான். முப்பது டிகிரிச் சரிவில் தரையோடு 20 மீட்டர் அளந்தால் மட்டத்தில் அது 17.3 மீட்டர்தான். தூக்குக்குண்டு ஒன்றைக் கட்டி, சிறு சிறு துண்டாக, டேப்பை மட்டமாகப் பிடித்து அளக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கணக்கு கூடிவிடும். அந்த ஒரு பிழையைக் காட்டியே முழு அறிக்கையையும் ஒதுக்கிவிடுவார்கள்.

செயற்கைக்கோள் படம் உங்கள் பகுதிக்கென்றே வரும் சிக்கல். வெட்டவெளியாக உழுத நிலம் என்றால் படத்தில் தெரியும். பலாவும் சில்வர் ஓக்கும் நிழல் தர, அடியில் காப்பியும் மரத்தில் மிளகுக்கொடியும் இருக்கும் தோட்டம் மேலிருந்து காடாகத்தான் தெரியும். சட்டம் வைத்திருக்கும் வரம்பு நாளைச் சொல்லி, ‘2005 டிசம்பர் 13-க்கு முன் சாகுபடி இல்லை’ என்று அந்தப் படத்தைக் காட்டியே மனுவைத் தள்ளினால், 12ஏ விதியை எடுத்துக் காட்டுங்கள்: செயற்கைக்கோள் படம் மற்றச் சான்றுகளுக்குத் துணை மட்டுமே, மாற்று ஆகாது. விதி 13 ஏற்கும் சான்றுகள் பல. வீடு, மட்டப்படுத்திய இடம், கட்டிய வரப்பு, முன்னோரைப் புதைத்த இடம், வாக்காளர் அடையாள அட்டை, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவரின் எழுதி வாங்கிய வாக்குமூலம். இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்க வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாத ஊரில் பெரியவரின் வாக்குமூலமும் முன்னோர் புதைந்த இடமுமே வலுவான ஜோடி. களப் பார்வைக்கு வனத்துறை வரவில்லை என்றால் மனு மறுபார்வைக்குத் திரும்பலாம். இரண்டாம் முறையும் வராவிட்டால் கிராம சபை சொன்னதே முடிவு. அழைப்புக் கடிதத்தின் நகலைக் கட்டாயம் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நில வகையைப் பார்க்காமல் கூடலூரைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்கு இங்கே இருந்த ஜன்மம் எனும் பரம்பரை நில உடைமையை 1969-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அந்தச் சட்டம் 1974 நவம்பர் 27-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் 8, 9, 10 பிரிவுகள் ரயத்துவாரிப் பட்டாவுக்கு (அரசு நேரடியாக நிலம் வைத்திருப்பவர் பெயரில் தரும் பட்டா), 17-ஆம் பிரிவு தோட்டக் குத்தகைகளுக்கு. நாடெங்கும் காட்டு வழக்குகளுக்கு அடித்தளமான கோதவர்மன் வழக்கும், அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை (நீதிமன்றத் தலையீட்டிலிருந்து சட்டங்களைக் காக்கும் பட்டியல்) பற்றிய 2007-ஆம் ஆண்டு கொயலோ தீர்ப்பும் இந்த மண்ணிலிருந்தே கிளம்பியவை. ஒவ்வொரு வீட்டுக்கும் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, நில வகையைக் காட்டும் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். அரசின் தமிழ்நிலம் இணையதளத்தில் கிடைக்காததை விஏஓ அலுவலகத்தில் கேளுங்கள். வருவாய் நிலம் என்றால் வேறு வழி, வன நிலம் என்றால் இந்தச் சட்டம். ‘செக்‌ஷன் 17, இங்கே வன உரிமை வராது’ என்று ஒரே வரியில் சொன்னால் ஏற்காதீர்கள். சட்டத்தில் வன நிலம் என்பதற்குள் வகைப்படுத்தாத காடும், காடாகக் கருதப்படும் நிலமும் அடங்கும்.

இங்கே ஒன்றை மனதில் வைத்து எழுதுங்கள். அதே செக்‌ஷன் 17 நிலத்தில் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் இருக்கின்றன. பழங்குடி அல்லாதோர் இந்தச் சட்டத்தில் உரிமை கேட்க 2005-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 1930-க்கு முன் வந்தவர்கள் அவர்கள் அல்லர். ஆகவே அவர்களுக்கு இந்த வழி அடைபட்டது. அதைச் சொல்லாமல் ஒரு தரப்பை மட்டும் எழுதினால், ஒரு ஏழை இன்னொரு ஏழையின் நிலத்தைப் பிடித்ததாகச் செய்தி திரிந்துவிடும். தலைப்பு வைப்பது செய்தி அறையில் இருப்பவர் என்பதால், செய்தியாளர் நண்பர் இதை முதல் மூன்று பத்திக்குள் எழுதிவிட வேண்டும்.

முதுமலைப் புலிகள் காப்பகத்தின் உள்வட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களையும் சேர்ப்பதாக இருந்தால் இரண்டே தேதிகள் கேளுங்கள்: உரிமை அங்கீகரிக்கப்பட்ட நாள், வெளியேறச் சம்மதித்த நாள். உரிமை தீராமல் வெளியேற்றக் கூடாது, கிராம சபையின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்பது சட்டம். இரண்டாவது தேதி முந்தியிருந்தால் வேறு விளக்கமே தேவையில்லை. 2013-இல் சரணாலயமான கொடைக்கானலில் பளியர் ஊர்களுக்கும் இதே சட்டம்தான். சரணாலயம் ஆனதால் உரிமை போய்விடாது.

தகவல் உரிமை மனுவில் ‘ஏன் கொடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். கருத்துக் கேட்டால் பதில் வராது, நகல் கேட்டால் வரும். உட்கோட்டக் குழு, மாவட்டக் குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், ஊர் வாரியாக ஏ, பி (சமூக உரிமை), சி படிவங்களின் தனித்தனிக் கணக்கு, நிராகரிப்பைக் கொடுத்ததற்கான ஒப்புகைகள். கட்டணம் பத்து ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டலாம். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. சி படிவம், அதாவது சமூக வன வள உரிமை, எத்தனை ஊருக்கு வந்தது என்று தனியாகக் கேளுங்கள். தேனும் நெல்லிக்காயும் எடுக்கும் உரிமை, காட்டைப் பராமரிக்கும் அதிகாரம் எல்லாம் பி, சி படிவங்களில்தான் இருக்கின்றன. தனிநபர் பட்டா எண்ணிக்கையைப் பேசிப் பேசி இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஊருக்குப் போகும் நேரத்தையும் கவனியுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பி பறிப்பு, அப்போது ஒரு நாள் பேசினால் ஒரு நாள் கூலி போகும். ஞாயிற்றுக்கிழமை போங்கள், யானை நடமாட்டம் இருக்கும் பாதையில் மாலை ஐந்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். மனு நிலுவையில் இருப்பவரின் பெயர், முகம், வீட்டின் இருப்பிடக் குறிப்பு உள்ள படம் எதுவும் வெளியே போகக் கூடாது. வன வழக்கு உள்ளவர் என்றால் குடியிருப்பின் பெயரும் வேண்டாம். தேன் எடுக்கும் பாறை எங்கே என்று எந்த வரைபடத்திலும் குறிக்காதீர்கள். நீங்கள் எடுத்த நகல்களில் ஒரு பிரதியை நெகிழி உறையில் போட்டு அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். தேவாலா மழையில் ஓலைக்கூரைக்கு அடியில் காகிதம் ஒரு பருவம் தாங்காது.

எழுதி முடித்ததும் அதிகாரிகளுக்குக் கேள்விகளை மனு எண்ணுடன் எழுத்தில் அனுப்பி, ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். ஆனால் அது பிறகு. இந்த ஞாயிறு போகும்போது நிராகரிப்புக் கடிதமும் பரப்புக் குறைத்த ஆணையும் கையில் கிடைத்த தேதியை மட்டும் வீடு வீடாகக் குறித்து வாருங்கள். அறுபது நாள் தாண்டாதவை இருந்தால், திங்கட்கிழமை காலை உங்கள் மூவரில் ஒருவர் அந்தக் குடும்பங்களோடு கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். மனுவைக் கொடுத்ததும் முத்திரையிட்ட நகலை வாங்காமல் திரும்பாதீர்கள்.

அன்புடன்