பெண்களின் தன்வரலாறுகளில் உடல் எடை ஏன் இவ்வளவு இடம்பிடிக்கிறது?

எடையைப் பெண்ணின் சொந்த விஷயமாக இருக்க யாரும் விடுவதில்லை, அதனால்தான்.

எனக்கு 14 வயதில் மதுரைப் புதுமண்டபத்தில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தேன். நோட்டில் எழுதும் பையனுக்குக் கேட்கும்படி டெய்லர் "இடுப்பு முப்பத்தாறு" என்றார். அது அவர் வேலை. பெரியம்மாதான் அம்மாவிடம், "இவளுக்கு ராத்திரிச் சோத்தை நிப்பாட்டு, நாளைக்கு எவன் வந்து கேப்பான்?" என்றார். அன்றிரவு என் மூணாவது தோசை அண்ணன் தட்டுக்குப் போனது. அவனும் குண்டுதான், அவனை "வாட்டசாட்டம்" என்பார்கள்.

தன்வரலாறு எழுதும் பெண் இந்தத் தோசைக் கணக்கைத்தான் எழுதுகிறாள். யாருக்கு எவ்வளவு சோறு, எந்த உடம்பு யாருக்குப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தட்டிலேயே முடிவாகிவிடுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் ராக்ஸேன் கே 2017இல் வெளியிட்ட 'ஹங்கர்' நூலில், 12 வயதில் நேர்ந்த கூட்டு வன்புணர்வுக்குப் பின், இனி எவனும் நெருங்கக்கூடாது என்றே தின்று உடம்பைக் கோட்டையாக்கியதாகச் சொல்கிறார். பார்ப்பவர்களுக்கு அது வெறும் வாய்க்கட்டுப்பாடின்மை. இளைத்து ஜெயித்த கதை இதில் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். எனக்கு அந்த நேர்மைதான் பெரிதாகப் பட்டது.